ஓசூர் பைக்கும் ஓர் ஆஸ்திரியப் பேராசிரியரும்... பெயர் வராத இன்ஜினீயர்களின் கதை!

வண்டிக்குப் புகைப் பரிசோதனை செய்யப் போகிறீர்கள். சைலன்சருக்குள் ஒரு குழாயை விடுகிறார்கள். 'ஆக்ஸிலரேட்டர் கொடுங்க' என்கிறார்கள். கொடுக்கிறோம். சான்றிதழை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். அடுத்த முறை அந்தக் குழாயின் மறுமுனையில் இருக்கும் பெட்டியைக் கொஞ்சம் பாருங்கள். பல சென்டர்களில் அதன்மேல் மூன்று எழுத்துகள் இருக்கும். ஏ.வி.எல்.

இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. காலேஜ் லேபில் ஸ்மோக் மீட்டர் என்றால் அநேகமாக இதுதான். ஆனால், புகையை அளக்கும் கருவி விற்பது இந்த நிறுவனத்தின் ஒரு முகம் மட்டுமே. இன்னொரு முகம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அடுத்தவர்களின் வண்டிக்கு இன்ஜினை யோசித்து, வரைந்து, சோதித்துக் கொடுப்பதுதான் அதன் பிரதான தொழில். வண்டியில் பெயர் வேறு யாருடையதாகவோ இருக்கும்.

ஆஸ்திரியாவில் இருக்கும் இந்த நிறுவனத்துக்கும் நம் ஓசூருக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. அது சென்னை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போன கணக்கு. இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

வீட்டு பிளான் போடுபவர் மாதிரிதான்!

'இன்ஜினீயரிங் டிசைன் கன்சல்டன்சி' என்ற சொல்லைக் கேட்டதும் கோட் சூட் போட்டவர்கள் பவர்பாயின்ட் காட்டுவதுதான் ஞாபகத்துக்கு வரும். விஷயம் அதைவிட எளிது. நாம் வீடு கட்டும்போது பிளான் போடுபவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர் இல்லையா? கிரகப்பிரவேசப் பத்திரிகையில் பிளான் போட்டவர் பெயர் இருக்காது. ஆனால், பூஜையறை எங்கே, படிக்கட்டு எந்தப் பக்கம், கூரையில் எத்தனை கம்பி என்று முடிவு செய்தவர் அவர்தான். இன்ஜினுக்கும் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒரு பைக் கம்பெனி வருகிறது. 'இவ்வளவு சிசி, இவ்வளவு மைலேஜ், இந்தப் புகை விதிக்குள் அடங்க வேண்டும், விலை இதைத் தாண்டக் கூடாது' என்கிறது. கன்சல்டன்சியில் முதலில் கம்ப்யூட்டரில் இன்ஜினை ஓட்டிப் பார்ப்பார்கள். காற்று உள்ளே எப்படிச் சுழல்கிறது, பெட்ரோல் எந்த இடத்தில் பற்றுகிறது, எங்கே சூடு தங்குகிறது என்று கணக்குப் போடுவார்கள். பிறகு மாதிரி இன்ஜின் ஒன்று. அதை டெஸ்ட் பெட்டில் மாட்டி ராத்திரி பகலாக ஓட்டுவார்கள். உடையும். உடைந்ததை எடுத்துப் பார்த்து மறுபடி வரைவார்கள். கடைசியில் வாடிக்கையாளர் கைக்குப் போவது டிராயிங்குகள், கணக்குகள், சோதனை முடிவுகள். பல ஒப்பந்தங்களில் கூடவே ஒரு வாய்ப்பூட்டும் உண்டு. 'நாங்கள்தான் செய்தோம்' என்று வெளியே சொல்லக் கூடாது!

இந்தத் தொழிலில் மூத்தவர் ஹாரி ரிக்கார்டோ என்ற ஆங்கிலேயர். 1915-ல் அவர் தொடங்கிய சிறிய நிறுவனம்தான் இன்று 'ரிக்கார்டோ' என்ற பெயரில் இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் டாங்கிகளுக்கு இன்ஜின் வடிவமைத்தவர் அவர். முந்தைய டாங்கி இன்ஜின்கள் கக்கிய புகையே எதிரிக்கு இடத்தைக் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் புகையைக் குறைப்பதும் அவர் எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்று. புகை என்பது அன்றைக்கே உயிர்ப் பிரச்னையாகத்தான் இருந்திருக்கிறது.

கிராட்ஸ் நகரத்துப் பேராசிரியர்

ஆஸ்திரியாவில் கிராட்ஸ் என்று ஓர் ஊர். வியன்னாவுக்கு அடுத்து அந்த நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். நமக்குப் புரிகிற அடையாளம் வேண்டுமென்றால், அர்னால்டு ஸ்வார்ஸ்நேகர் பிறந்த தால் கிராமம் அதன் ஓரத்தில்தான் இருக்கிறது. 'ஐ' பட இசை வெளியீட்டுக்குச் சென்னை வந்தாரே, அதே அர்னால்டுதான்.

அந்த கிராட்ஸில் 1896-ல் பிறந்தவர் ஹான்ஸ் லிஸ்ட். இன்ஜினீயரிங் முடித்தவர், 1926-ல் சீனாவுக்குப் போனார். ஷாங்காய் பக்கத்தில் இருந்த டோங்ஜி பல்கலைக்கழகத்தில் 6 வருடங்கள் பாடம் நடத்தினார். 1932-ல் ஊர் திரும்பி கிராட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர், அப்புறம் ஜெர்மனியில் டிரெஸ்டனில் பேராசிரியர். இன்ஜின்களைப் பற்றி அவர் பதிப்பித்த புத்தக வரிசை பல தொகுதிகளாக நீளும். ஜெர்மன் தெரிந்த இன்ஜின்காரர்களுக்கு அது வேதம் மாதிரி.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அவருக்கு ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்திரியாவை நான்கு நாடுகள் பங்கு போட்டுக்கொண்டு ஆண்ட காலம். கிராட்ஸ் பிரிட்டிஷார் வசம். பேராசிரியர் வேலை போயிற்று. தொழிற்சாலை கிடையாது. கையில் இருந்தது இன்ஜினைப் பற்றிய அறிவு மட்டும்தான். அதையே விற்பது என்று முடிவெடுத்து, 1948-ல் சொந்தமாக ஒரு டிசைன் அலுவலகம் தொடங்கினார். பிற்பாடு அதற்கு 'ஆன்ஷ்டால்ட் ஃபியூர் ஃபெர்பிரென்னுங்ஸ்கிராஃப்ட்மஷீனன் லிஸ்ட்' என்று பெயர் வந்தது. ஒரே மூச்சில் சொல்லிப் பார்க்க முயன்று தோற்றுப்போய் நான் 'ஏ.வி.எல்.' என்றே எழுதுகிறேன். அர்த்தம் ரொம்பச் சாதாரணம். லிஸ்ட் எரிபொருள் இன்ஜின் நிலையம்!

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. இன்ஜினுக்குள் பெட்ரோலோ டீசலோ வெடிக்கும்போது என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. நொடியில் மிகச் சிறிய பகுதிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த நேரத்துக்குள் உள்ளே அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த இன்ஜினை நன்றாக வரைய முடியும். அதற்கேற்ற கருவிகள் அன்றைக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. அதனால் தங்கள் தேவைக்குத் தாங்களே அளவுக் கருவிகளைச் செய்துகொண்டார்கள். அழுத்தினால் லேசாக மின்சாரம் தரும் படிகங்களை வைத்துச் செய்த சென்ஸார்கள் அவை. கொஞ்ச நாளில் மற்ற கம்பெனிகளும் 'அந்தக் கருவி எங்களுக்கும் வேண்டும்' என்று கேட்டு வந்தன. 1960-களிலிருந்து கருவி விற்பதும் தனித் தொழிலாகிவிட்டது. இன்றைக்கு நம் ஊர் புகைப் பரிசோதனை மையத்துப் பெட்டி, அந்தப் பழைய சுயதேவையின் கொள்ளுப்பேரன்.

1979-ல் பொறுப்பு மகன் ஹெல்முட் லிஸ்ட் கைக்கு வந்தது. அப்பா 1996-ல், 100 வயது நிறைந்த சில மாதங்களில் இறந்தார். நிறுவனம் இன்னமும் குடும்பச் சொத்துதான். பங்குச்சந்தைக்குப் போகவில்லை. உலகம் முழுக்க 10,000-க்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்கிறார்கள். நம் நாட்டிலும் குருகிராமில் பெரிய மையம் இருக்கிறது. மஹிந்திரா ஸ்கார்ப்பியோவில் வந்த 'எம்ஹாக்' டீசல் இன்ஜினிலும், டாடாவின் 'ரெவோட்ரான்' பெட்ரோல் இன்ஜினிலும் ஏ.வி.எல்-லின் கை உண்டு. இவையெல்லாம் வெளியே சொல்லப்பட்ட பெயர்கள். சொல்லப்படாதவை எத்தனையோ.

போட்டியும் உண்டு. ஜெர்மனியின் ஆஹன் நகரத்தில் இருக்கும் 'எஃப்.ஈ.வி.' அதில் முக்கியமானது. 1978-ல் அதைத் தொடங்கிய ஃபிரான்ஸ் பிஷிங்கர், முன்பு ஏ.வி.எல்-லில் வேலை பார்த்தவர். நம் ஊரில் பெரிய ஹோட்டல் மாஸ்டர் வெளியே வந்து எதிர்த்தெருவில் கடை போடுவது மாதிரிதான்!

ஓசூருக்கு வருவோம்

ஓசூர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. 1970-களில் சிப்காட் வந்தது. அதற்கு முன் இது ரோஜாவும் காய்கறியும் விளையும் எல்லையோர ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே டீக்கடையில் கேட்கலாம். இப்போதும் கேட்கலாம். 1980-ல் இங்கிருந்துதான் டி.வி.எஸ்-50 மொபெட் வெளியே வந்தது. பின்னால் ஒருவர் உட்கார்ந்து போகலாம் என்பதே அன்றைக்குப் பெரிய விஷயம். பால்காரர், கீரைக்காரம்மா, வாத்தியார் எல்லோர் வீட்டு வாசலிலும் அந்த வண்டி நின்றது.

அடுத்து ஜப்பானின் சுஸூகியோடு கூட்டு. 1984-ல் இந்த்-சுஸூகி பைக் வந்தது. இன்ஜின் டிராயிங் ஜப்பானிலிருந்து வரும், ஓசூரில் செய்வார்கள். கிட்டத்தட்ட இருபது வருடங்கள் இப்படியே போனது. 2001-ல் இருவரும் பிரிந்தார்கள். இனிமேல் டிராயிங் யார் தருவார்கள் என்ற கேள்வி எழுந்தது.

அதே 2001-ல் வந்ததுதான் 'விக்டர்'. நாங்களே வடிவமைத்தது என்று கம்பெனி பெருமையாகச் சொன்ன பைக். அது ஓடியது. ஓசூரில் ஆராய்ச்சிப் பிரிவு பெருத்தது. ஆனால், ஒரு பைக்கைச் சொந்தமாகச் செய்வது வேறு, புகை விதிகள் வருடாவருடம் இறுகும்போது மைலேஜையும் விடாமல் புதுப்புது இன்ஜின்களைத் தொடர்ந்து கொண்டுவருவது வேறு. சொந்த ஆட்கள் இருந்தாலும், எரிதல் பற்றிய ஆழமான வேலைக்கு வெளியே கேட்பதில் தப்பில்லை. வீட்டில் நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்களும் கல்யாணத்துக்கு மாஸ்டரைக் கூப்பிடுகிறோமே. டி.வி.எஸ். போய் நின்ற கதவு ஏ.வி.எல்.

அங்கிருந்து உருவானதுதான் 125 சிசி 'ஃப்ளேம்' பைக்கில் வந்த 'சிசி-விடிஐ' தொழில்நுட்பம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதைப் புரிந்துகொண்டால்தான் அடுத்து வரும் சண்டை புரியும்.

மைலேஜ் கூட வேண்டுமென்றால் ஒரு வழி, பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டுவது. சிக்கல் என்னவென்றால், பெட்ரோல் குறைவான கலவை லேசில் பற்றாது, பற்றினாலும் மெதுவாக எரியும். ஈரமான சருகுக் குவியலில் தீ வைத்த மாதிரி. இதைச் சரிசெய்ய இரண்டு உபாயங்கள். ஒன்று, குவியலை இரண்டு பக்கமும் பற்ற வைப்பது. அதாவது இரண்டு ஸ்பார்க் பிளக். இன்னொன்று, விசிறுவது. அதாவது உள்ளே வரும் காற்றைச் சுழல வைப்பது. ஃப்ளேம் இன்ஜினில் இரண்டும் இருந்தன. காற்று உள்ளே வர இரண்டு வால்வு, புகை வெளியேற ஒரு வால்வு, ஆக மூன்று வால்வு. உள்வழி இரண்டில் ஒன்று சுழலை உண்டாக்குவதற்கு, மற்றொன்று கூடுதல் சக்தி தேவைப்படும்போது காற்றைத் தாராளமாக விடுவதற்கு. அதோடு இரண்டு ஸ்பார்க் பிளக்.

அந்த இரண்டாவது பிளக்தான் வினையாகிப் போனது.

இரண்டாவது பிளக் யாருடையது?

பஜாஜ் பல்ஸர் வைத்திருப்பவர்களுக்கு 'டி.டி.எஸ்-ஐ' தெரியும். அதன் உயிரே இரண்டு ஸ்பார்க் பிளக்தான். சிறிய சிலிண்டருக்குள் இரண்டு பிளக் வைத்து, குறைந்த பெட்ரோல் கலவையை எரிக்கும் முறைக்கு பஜாஜ் 2002-லேயே விண்ணப்பித்து, 2005-ல் இந்தியக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. எண் 195904.

2007 ஆகஸ்ட் கடைசியில் ஃப்ளேமை டி.வி.எஸ். அறிமுகப்படுத்தியது. செப்டம்பர் தொடக்கத்திலேயே பஜாஜ் 'இது எங்கள் காப்புரிமையை மீறுகிறது' என்று பகிரங்கமாகச் சொன்னது. டி.வி.எஸ். சும்மா இருக்கவில்லை. ஆதாரமில்லாத மிரட்டல் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு, அவதூறுக்காக மும்பையில் 250 கோடி ரூபாய் கேட்டு ஒரு வழக்கு. பஜாஜின் காப்புரிமையையே ரத்து செய்ய வேண்டும் என்று அதற்கான மேல்முறையீட்டு வாரியத்திலும் மனு. பஜாஜ் தன் பங்குக்குச் சென்னையில் வழக்குப் போட்டது. ஓசூரும் பூனாவும் மோதிக்கொண்டது சென்னை பாரிமுனையில்!

டி.வி.எஸ். தரப்பில் பல வாதங்கள். இரண்டு பிளக் என்பதே புதிது இல்லை, ஹோண்டா 1980-களில் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை எடுத்து அது காலாவதியும் ஆகிவிட்டது என்பது ஒன்று. எங்கள் இன்ஜினில் மூன்று வால்வு, உங்களுடையதில் இரண்டு, இரண்டும் வேறு வேறு என்பது இன்னொன்று. இந்தத் தொழில்நுட்பத்தை ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்திடமிருந்து முறைப்படி பெற்றோம் என்பது மற்றொன்று. திரைக்குப் பின்னால் இருந்த கன்சல்டன்சியின் பெயர் ஊரறிய வெளியே வந்தது இப்படித்தான். சண்டை வந்திருக்காவிட்டால் ஓசூரில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது.

2008 பிப்ரவரியில் தனி நீதிபதி பஜாஜுக்கு ஆதரவாக இடைக்காலத் தடை விதித்தார். கூடுதல் வால்வு என்பது மேம்பாடு மட்டுமே, அடிப்படை இரண்டு பிளக்தான் என்ற பார்வை அது. சில வாரங்களிலேயே டி.வி.எஸ். ஒற்றை பிளக்கோடு ஃப்ளேமைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2009 மே மாதம் இரண்டு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. மூன்று வால்வு இருப்பதை அவர்கள் முக்கிய வித்தியாசமாகப் பார்த்தார்கள். ஒரே இன்ஜின், ஒரே டிராயிங், இரண்டு விதமான படிப்பு. பஜாஜ் உச்ச நீதிமன்றம் போனது.

அங்கே 2009 செப்டம்பர் 16-ம் தேதி வந்த உத்தரவு சுவாரஸ்யமானது. டி.வி.எஸ். விற்கலாம், ஆனால் விற்ற கணக்கைச் சரியாக வைக்க வேண்டும். அசல் வழக்கை நாள்தோறும் விசாரித்து 2009 நவம்பர் 30-க்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அத்தோடு நிற்கவில்லை. காப்புரிமை, டிரேட் மார்க், காப்பிரைட் வழக்குகள் இடைக்காலத் தடையிலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்துவிடுகின்றன, பொதுவாக இவற்றை 4 மாதங்களில் முடிக்க வேண்டும் என்று நாட்டின் எல்லா நீதிமன்றங்களுக்கும் சொன்னார்கள் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஏ.கே.கங்குலியும். இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் இதைப் படிக்கிறார்கள்.

சரி, நவம்பர் 30-க்குள் முடிந்ததா? அதுதான் இல்லை. இரண்டு கம்பெனிகளும் சமாதானமாகி வழக்குகளை முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டது 2019-ல். 12 வருடங்கள்! அதற்குள் ஃப்ளேம் பைக்கே சந்தையில் இல்லை. பழைய ஃப்ளேமுக்கு உதிரிபாகம் தேடி அலைகிறவர்களை வேண்டுமானால் மெக்கானிக் கடைகளில் பார்க்கலாம்.

டிராயிங்கில் பெயர் இருக்காது

இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் வக்கீல்கள். அவர்களுக்கு அது டி.வி.எஸ்ஸா, பஜாஜா என்ற கேள்வி. எனக்கு வேறொன்று உறுத்துகிறது. கன்சல்டன்சி என்ன நினைத்து வரைந்திருந்தாலும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், கோர்ட் படியேறி நிற்க வேண்டியது வண்டியின் டேங்கில் பெயர் போட்டவர்தான். காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. ஒரு நாட்டில் உரிமை இருக்கிறது என்பதால் இன்னொரு நாட்டில் வழி கிடைத்துவிடாது. யோசனையை வெளியே வாங்கலாம், அதன் வில்லங்கத்தை வெளியே விட முடியாது. நிலம் வாங்குபவர் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்ப்பது மாதிரி, டிராயிங் வாங்குபவரும் பார்க்க வேண்டியிருக்கிறது. பெரிய கம்பெனிகளில் இன்று இதற்கென்றே தனி ஆட்கள் இருக்கிறார்கள்.

தடை வந்தால் அடி வாங்குவது பெரிய கம்பெனி மட்டுமில்லை. ஓசூரைச் சுற்றி அதற்குப் பாகம் செய்து கொடுக்கும் பட்டறைகள் எத்தனை! ஸ்பார்க் பிளக் ஒன்றை எடுப்பது பேச்சுக்குச் சுலபம். ஆனால், பொதுவாக ஓர் இன்ஜினில் அப்படி ஒரு மாற்றம் வந்தால் பற்றவைக்கும் டைமிங் மாறும், புகை அளவு மாறும், சோதனையெல்லாம் முதலிலிருந்து வரும். பாகத்தின் வடிவமே மாறினால் அச்சும் மாறும்.

என் தாய்மாமா சிப்காட் பக்கத்தில் ஒரு சிறிய டூல் ரூமில் வேலை பார்க்கிறார். இந்தக் கட்டுரைக்காக அவரிடம் கேட்டேன்.

"மாமா, உங்களுக்கு வர்ற டிராயிங் எல்லாம் யார் வரைஞ்சதுன்னு தெரியுமா?"

"அதெங்க கண்ணு தெரியும்? மெயில்ல வரும். மூலையில நம்பர் இருக்கும், ரெவிஷன் ஏ, பி, சின்னு இருக்கும். பேரு இருக்கும்னா சொல்ற?"

"ஏன் இந்த அளவுன்னு கேட்க மாட்டீங்களா?"

"கேட்டா யாருக்குப் பதில் தெரியும்? இங்க இருக்கிற இன்ஜினீயருக்கும் மெயில்லதான வந்துச்சு!"

பத்து மைக்ரான் கூடினாலும் கையால் தடவிக் கண்டுபிடிக்கிறவர் என் மாமா. அந்தப் பத்து மைக்ரான் ஏன் அங்கே முக்கியம் என்பது மட்டும் அவருக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. ஓசூர் மாதிரி ஊர்களின் நிலைமையே இதுதான் என்பேன். கை இங்கே இருக்கிறது, காரணம் வேறெங்கோ இருக்கிறது. அந்த 'வேறெங்கோ' முன்பு ஜப்பான், ஆஸ்திரியா. இப்போது பல நேரங்களில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் போதும். மெர்சிடிஸ் பென்ஸ் 1996-லேயே பெங்களூருவில் ஆராய்ச்சி மையம் தொடங்கிவிட்டது. பாஷ் நிறுவனத்தின் பெரிய மையமும் அங்கேதான். நம் மாவட்டத்தில் டிப்ளமோ முடிக்கிற பையன் சிப்காட்டுக்கும், பி.இ. முடித்து டிசைன் சாஃப்ட்வேர் கற்றுக்கொண்டவள் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் பஸ் ஏறுகிறார்கள். ஒரே ஸ்டாப்பில் நின்று எதிரெதிர் திசையில் போகிறார்கள்.

இதற்கு விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. டைட்டனின் துணை நிறுவனமான 'டைட்டன் இன்ஜினீயரிங் அண்ட் ஆட்டோமேஷன்' ஓசூரில் இருந்துகொண்டே மற்ற கம்பெனிகளுக்குத் தானியங்கி இயந்திரங்களை வடிவமைத்துச் செய்து கொடுக்கிறது. வாட்ச்சுக்குள் இருக்கும் பொடிப்பொடிப் பாகங்களைச் செய்யப் பழகிய கைகள், அந்தத் துல்லியத்தையே சரக்காக்கி விற்கக் கற்றுக்கொண்டன. 1960-களில் கிராட்ஸில் நடந்ததும் இதே மாதிரிதான் இல்லையா? டி.வி.எஸ்ஸும் 2013-ல் பி.எம்.டபிள்யூவோடு கைகோத்தது. 'ஜி 310 ஆர்' ஓசூரில் தயாராகி உலகம் முழுக்கப் போனது. அதே இன்ஜின் அடித்தளத்தில் 2017-ல் அப்பாச்சி ஆர்.ஆர். 310 வந்தது. இதில் டிராயிங் வந்து இறங்கியது என்று மட்டும் சொல்ல முடியாது. இரண்டு பக்க இன்ஜினீயர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்த கதை அது.

இன்ஜினே இல்லாவிட்டால்?

இப்போது ஆட்டமே மாறிக்கொண்டிருக்கிறது. ஏத்தர் ஸ்கூட்டர் ஓசூரில் தயாராகிறது. டி.வி.எஸ். ஐக்யூபும் இங்கேதான். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலாவின் பெரிய தொழிற்சாலை வந்திருக்கிறது. இவற்றில் வால்வு கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது, புகையும் கிடையாது. நூறு வருடங்களாக எரிவதைப் பற்றியே யோசித்த கன்சல்டன்சிகள் என்ன செய்வார்கள்?

மாறிக்கொண்டிருக்கிறார்கள். ஏ.வி.எல். இன்று பேட்டரி, மோட்டார், ஹைட்ரஜன் ஃபியூயல் செல் என்று எல்லாவற்றிலும் இறங்கியிருக்கிறது. பேட்டரிக்குள் எந்த செல் சூடாகிறது, எந்த இடத்தில் தீப்பிடிக்க வாய்ப்பு, வேகமாக சார்ஜ் ஏற்றினால் ஆயுள் எவ்வளவு குறையும் என்று அளக்க ஆள் தேவைப்படத்தான் செய்கிறது. எரியக் கூடாத ஒன்று எரிந்துவிடாமல் பார்ப்பதும் எரிதல் பற்றிய படிப்புதானே!

வண்டி கம்பெனிகள் டிசைனைப் பெறும் வழிகளும் மாறியிருக்கின்றன. ஓலா 2020-ல் நெதர்லாந்தின் 'எட்டர்கோ' என்ற ஸ்கூட்டர் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. ஓலா ஸ்கூட்டரின் சாயலை எட்டர்கோவின் 'ஆப்ஸ்கூட்டர்' படங்களில் பார்க்கலாம். யோசனைக்குக் கட்டணம் கட்டுவதற்குப் பதில், யோசித்தவர்களின் கம்பெனியையே வாங்குவது ஒரு வழி. ஏத்தர் வேறு வழியில் போனது. சென்னை ஐ.ஐ.டி-யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் தொடங்கிய நிறுவனம் அது. ஸ்கூட்டரை அடியிலிருந்து தாங்களே வடிவமைப்பது என்று உட்கார்ந்தார்கள். 2013-ல் தொடங்கியவர்கள் முதல் ஸ்கூட்டரை வாடிக்கையாளரிடம் கொடுத்தது 2018-ல். காசும் காலமும் கரைந்தாலும், ஏன் இந்த அளவு என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் உள்ளேயே இருக்கிறார்கள். அவர்களும் உட்கார்ந்து வரைவது பெங்களூருவில்தான் என்பது ஓசூருக்குக் கொஞ்சம் வருத்தம்.

மாமாவின் டூல் ரூமுக்கும் இப்போது எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பாகங்களின் டிராயிங் வர ஆரம்பித்திருக்கிறதாம். மோட்டார் மூடி ஒன்றைக் காட்டினார். சிலிண்டர் ஹெட் அளவுக்குக் குடைச்சல் இல்லை, ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை ரெவிஷன் மாறுகிறது என்று அலுத்துக்கொண்டார். போன வாரம் ஓர் அளவில் சந்தேகம் வந்து திருப்பி மெயில் போட்டிருக்கிறார்கள். வரைந்த பெண்ணே போன் பண்ணிப் பேசியிருக்கிறாள். தமிழில்.